இலக்கமுறை இசைப்பலகையில் கட்டையும் காதும்

சென்ற மாரிகாலத்து மாலைப்பொழுதொன்றில், இணுவிலில் வாழும் எம் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். எம் கல்லூரியில் ஒன்பதாந் தரத்திற் கற்கும் அவர் மகன், விறாந்தையில் மேசைமீது வைத்த நீண்ட கரிய பலகையொன்றின் முன் அமர்ந்து விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தான். தலையில் ஹெட்போன் அணிந்திருந்தான். விரல்கள் கட்டைகளில் விழும் ‘டொக், டொக்’ என்னும் ஓசையன்றி வேறொன்றும் எம் செவிக்கு எட்டவில்லை. வாசற்படியில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த அவன் பாட்டியார் எம்மை நோக்கி, “மாஸ்ரர், உதென்ன உது? பிள்ளை அரை மணித்தியாலமாய்த் தட்டுது. ஒரு சத்தத்தையும் காணேல்லை. பெட்டி பழுதோ?” என்று கேட்டார். சிறுவன் ஹெட்போனை ஒரு காதினின்றும் விலக்கி, “பழுதில்லை அம்மம்மா, எனக்குக் கேக்குது” என்றான்.

“உனக்குக் கேட்டாப் போதுமோ?” என்றார் அம்மூதாட்டியார்.

இவ்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது அவ்வினாவே எம் நினைவில் முற்பட்டது. புலம்பெயர்ந்து வாழும் எம் பழைய மாணவர், கல்லூரிக்கும் தத்தம் உறவினர் பிள்ளைகளுக்கும் இத்தகைய பலகைகளை அன்போடு அனுப்பி வருகின்றனர். எம் சங்கீத அறையில் மாத்திரம் இப்பொழுது நான்கு உள. மக்கள் வழக்கில் இவை ‘கீபோட்’ எனப்படும். அனுப்புவோர், “எதனை வாங்குவது?” என வினவுகின்றனர். பெற்றோர், “இதனாற் பிள்ளைக்குச் சங்கீதம் வருமா?” என வினவுகின்றனர். சங்கீத ஆசிரியருட் சிலரோ, “ஆர்மோனியத்தையே வேண்டாமென்றிருந்த இடத்திற்கு இஃது ஏன்?” என்கின்றனர். யாம் முப்பது ஆண்டுகள் பௌதிகவியல் கற்பித்தோமேயன்றிச் சங்கீதம் கற்பித்தோமல்லோம், எமக்குள்ளது கேள்விஞானமே. எனினும் இக்கருவியின் நுட்பம் பாதி பௌதிகமாதலின், எமக்குத் தெரிந்தவற்றைக் கூற ஒருப்பட்டோம்.

யாழ்ப்பாணத்தார்க்குக் கட்டை வைத்த இசைக்கருவி புதியதன்று. தேவாலயங்களிலும் மிசன் பாடசாலைகளிலும் பியானோவும் ஓர்கனும் இருந்தன. ஆயின் அவை ஊர்மனைகளுக்குள் வந்தனவல்ல. ஊரெல்லாம் பரவியது ஆர்மோனியப் பெட்டியே. பாரிசு நகரத்து டெபேன் என்பார் 1840களின் தொடக்கத்தில் உரிமைப்பதிவு செய்த கால்துருத்திக் கருவியை, 1875ஆம் ஆண்டளவில் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் என்பார், தரையில் இருந்தபடியே கையால் துருத்தி இயக்கும் சிறு பெட்டியாக மாற்றியமைத்தார். அப்பெட்டி தமிழ்நாட்டு நாடகக் கம்பனிகளோடு கடல் கடந்து வந்து எம் இசைநாடக மேடைகளிற் குடியேறிற்று. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் (1924–1989) மயான காண்டத்தை விடிய விடிய இருந்து பார்த்தோர், அவர் குரலோடு ஒட்டி எழுந்த அவ்வொலியை மறந்திரார்.

அப்பெட்டியில் ஒரு கை துருத்தியிலும் மறு கை கட்டையிலும் இருக்கும். கட்டையை அழுத்தினால் ஒரு வாயில் திறக்கும். துருத்தியினின்றும் வரும் காற்று அவ்வாயில் வழியே சென்று உலோக நாக்கு ஒன்றை அதிரச் செய்யும். கட்டை செய்யும் தொழில் அவ்வளவே. மெல்ல அழுத்தினும் ஓங்கி அடிப்பினும் ஒலி ஒன்றே. உரப்பு முழுவதும் துருத்திக் கையின் வசம் இருக்கும். அதுவும் அவ்வேளை திறந்திருக்கும் எல்லா நாக்குகளுக்கும் பொதுவாகவே அமையும். ஆதலால் ஆர்மோனியம் பயின்ற விரல் ‘திற’, ‘மூடு’ என்னும் இரண்டு சொற்களையே அறியும். வாசகர் இதனை நினைவில் இருத்துக, பின்னர் வேண்டப்படும்.

சங்கீத ஆசிரியர் ஆர்மோனியத்தின் மேற் சாட்டிய குற்றம் வேறொன்று. அதன் கட்டைகள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமமான அரைச்சுரங்களாகப் பகுத்து நிற்பன. ஸ்தாயியை 1200 பங்குகளாக வகுத்தால், தம்பூராவின் சட்சத்தோடு இயல்பாக இழையும் அந்தர காந்தாரம் ஏறத்தாழ 386ஆம் பங்கில் நிற்கும். கட்டையின் காந்தாரமோ 400ஆம் பங்கில் நிற்கும். இவ்வேறுபாடு நல்ல செவிக்கு உறுத்தும். அன்றியும், சுரத்திலிருந்து சுரத்திற்கு வழுக்கிச் செல்லும் கமகம் கட்டையில் வாராது. இவை காரணமாக அகில இந்திய வானொலி 1940 மார்ச் 1ஆம் நாள் ஆர்மோனியத்தை விலக்கிற்று. 1971இலேயே அவ்விலக்கு தளர்ந்தது. 1939இல் தொடங்கிய திருச்சி நிலையத்திற்கு வானொலிப் பெட்டியைத் திருப்பி வைத்துக் கச்சேரி கேட்ட எம் முந்தையோர், ஆர்மோனியம் இல்லாத சங்கீதமே உயர்ந்த சங்கீதம் என்று எண்ணியதில் வியப்பொன்றும் இல்லை.

அக்குற்றம் கீபோட்டுக்கும் உரியது. பலகை சிலவற்றில் இடப்புறம் சுருதியை வளைக்கும் சக்கரம் ஒன்று உண்டு, சென்னையில் கே. சத்தியநாராயணன் போன்றோர் இக்கருவியிலேயே கர்நாடக சங்கீதக் கச்சேரி நிகழ்த்தி வருகின்றனர். எனினும் வீணையில் விரல் செய்வதனைச் சக்கரம் முற்றும் செய்யும் என யாம் கூறத் துணியோம். ஒரு காலத்தில் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்தவரும், விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்றவருமான விபுலாநந்த அடிகள், பண்டை யாழின் சுரங்களை எண்களால் அளந்து 1947இல் ‘யாழ் நூல்’ தந்தார். சமப்பகுப்புக் கட்டையைப் பற்றிய வழக்கை அத்தகையோர் முன் வைத்தல் தகும்; யாம் ஈண்டு அதனைத் தீர்க்கப் புகவில்லை. யாம் கூற வந்தது, எவரும் அதிகம் பேசாத மற்றொரு வேறுபாட்டைப் பற்றி.

கட்டை வைத்த கருவிகளுள் விரலின் தன்மையை உணர்வன, உணராதன என இரு குலங்கள் உண்டு. ஆர்மோனியமும் ஓர்கனும் உணராக் குலத்தன. முற்காலத்து ஐரோப்பிய மாளிகைகளில் ஒலித்த ஹாப்சிகோட் என்னும் கருவியும் அக்குலத்ததே. அதன் கட்டையை அழுத்தியதும் உள்ளிருக்கும் சிறு முள் நரம்பைச் சுண்டும். எவ்வாறு அழுத்தினும் சுண்டல் ஏறத்தாழ ஒன்றே. இத்தாலியிலே, புளோரன்சு நகரத்து மெடிச்சி குடும்பத்தாரிடம் பணிபுரிந்த பார்த்தலோமேயோ கிறிஸ்தோபோரி என்னும் கைவினைஞர், சுண்டுவதை விடுத்துச் சிறு சுத்தியலால் நரம்பை அடிக்கும் பொறியொன்றை அமைத்தார். 1700ஆம் ஆண்டில் எழுதப்பெற்ற அக்குடும்பத்தாரின் கருவிப் பட்டியலில் அது காணப்படுகின்றது. ‘மெலிதாகவும் உரத்தும் ஒலிப்பது’ என்னும் பொருளுடைய இத்தாலியத் தொடரே குறுகிப் பியானோ ஆயிற்று. அவர் 1720இற் செய்த பியானோ ஒன்று நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலையில் இன்றும் உளது.

பியானோவின் சுத்தியல் நரம்பை அடையுமுன்னரே கட்டையின் பிடியினின்றும் விடுபட்டுத் தானே பறந்து செல்கின்றது. விடுபடும் கணத்தில் அதற்கிருந்த வேகம் எதுவோ அதுவே ஒலியின் உரப்பைத் தீர்மானிக்கின்றது. அதன்பின் விரல் எத்துணை வலிந்து அழுத்தினும் பயனில்லை. எறிந்த கல்லைத் திருத்த இயலாதவாறு போல. எம்மவர்க்கு இவ்வுணர்வு முற்றும் புதியதன்று. இணுவில் தந்த தவில் மேதை வி. தட்சிணாமூர்த்தியைக் (1933–1975) கோவில் வீதியில் நின்று கேட்டோர், ஒரே தோலில் முணுமுணுப்பும் முழக்கமும் எழக் கேட்டவரே. ஆர்மோனியத்தின் கட்டை கதவு போன்றது. பியானோவின் கட்டை தவிலின் தோல் போன்றது. கீபோட்டின் தோற்றம் ஆர்மோனியத்தைப் போன்றிருத்தலால் எம் பிள்ளைகள் அதனைக் கதவு எனவே கருதிவிடுகின்றனர். இடர் அங்கே தொடங்குகின்றது.

இலக்கமுறைப் பலகையில் நரம்பும் இல்லை. நரம்பை அடிக்கும் சுத்தியலும் இல்லை. தொடு உணர்வுடைய பலகையில், ஒவ்வொரு கட்டையின் கீழும் இறப்பர்க் குமிழ்களில் இரண்டு மின்தொடுகைகள் அமைந்திருக்கும். கட்டை இறங்குங்கால் ஒன்று முந்தியும் மற்றொன்று சற்றுப் பிந்தியும் மூடும். உள்ளிருக்கும் கணினிச் சில்லு அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நேரத்தை அளக்கின்றது. உயர்தர மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம். முதற்றொடுகைக்கும் இரண்டாந் தொடுகைக்கும் இடையே கட்டை நான்கு மில்லிமீற்றர் இறங்குவதாகக் கொள்க. அதற்கு நான்கு மில்லிசெக்கன் சென்றால் வேகம் செக்கனுக்கு ஒரு மீற்றர். நாற்பது மில்லிசெக்கன் சென்றால் அதிற் பத்திலொன்று. முன்னது முழக்கம், பின்னது முணுமுணுப்பு. பலகை அளப்பது விரலின் பலத்தையன்று, கட்டை இறங்கும் வேகத்தையே என்பதனை மாணவர் ஊன்றி நோக்குக.

அவ்வேகம் 1 முதல் 127 வரையான ஓர் எண்ணாக மாற்றப்படும். இவ்வெண்முறை ‘மிடி’ எனப்படும் பொது உடன்பாட்டின்பாற்பட்டது. யப்பானில் றோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இக்குத்தாரோ ககேஹாஷியும் அமெரிக்கரான டேவ் சிமித்தும் முன்னின்று ஆக்கிய அவ்வுடன்பாடு 1983இல் நடைமுறைக்கு வந்தது. அதனால் ஒரு நிறுவனத்தின் பலகை மற்றொரு நிறுவனத்தின் ஒலிப்பெட்டியோடு பேச இயன்றது. இப்பணிக்காக இருவர்க்கும் 2013இல் கிராமி விருது வழங்கப்பெற்றது. இனி, எண் கிடைத்ததும் கருவி என் செய்யும்? நல்ல பலகையில், உண்மைப் பியானோவின் ஒவ்வொரு சுரத்தையும் மெல்லத் தட்டியும், நடுத்தரமாகத் தட்டியும், ஓங்கித் தட்டியும் பதிவுசெய்து வைத்திருப்பர். எண்ணுக்கேற்ற பதிவு வெளிவரும். ஆகவே ஓங்கித் தட்டிய ஒலி வெறுமனே பெரிதாக்கிய ஒலியன்று. பண்பிலும் வேறானது, கூர்மையுடையது. மலிவான பலகைகளில் ஒரே பதிவைப் பெருக்கியும் சுருக்கியும் காட்டுவதே வழக்கம்.

இதன் விளைவை எம் சங்கீத அறையிற் கண்டோம். ஆர்மோனியத்தில் மோகனத்து ஆரோகணத்தைத் தட்டின்றி வாசித்த மாணவன், தொடு உணர்வுடைய பலகையில் அதனையே வாசித்தபொழுது, பெருவிரல் விழுந்த சுரம் வீங்கியும் மோதிரவிரல் விழுந்த சுரம் மெலிந்தும் ஒலித்தன. குற்றம் புதிதாகத் தோன்றியதன்று. அவன் விரல்களில் அது முன்னரே இருந்தது. ஆர்மோனியம் அதனை மறைத்திருந்தது. அவன் கண்ட பரிகாரம் யாது தெரியுமோ? பலகையின் தொடு உணர்வை நிறுத்திவைக்கும் பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்தான்! எல்லாச் சுரமும் ஒரே உரப்பில் வந்தன; அவனும் மகிழ்ந்தான். இவ்வாறு செய்யும் மாணவர் பலர். ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு, பத்து முறை, ஒவ்வொரு முறையும் முன்னையதினும் சற்றே உரப்பாக ஒலிக்கும்படி தட்டிப் பழகுமாறு அவனைப் பணித்தோம். பின்னர் அப்பத்தையும் தலைகீழாக, முழக்கத்தினின்றும் முணுமுணுப்புக்கு. இறங்குவது ஏறுவதினும் கடினம் என்பதனை அவன் தானே கண்டறிந்தான்.

வாங்குவோர்க்குச் சில சொற்கள். மிக மலிவான சிறு பலகைகளுட் பலவற்றில் தொடு உணர்வு அறவே இல்லை. கடையில் நின்று ஒரே கட்டையை ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை விரைவாகவும் தட்டிக் கேட்டால் உண்மை புலப்படும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் நூற்றுக்கணக்கான ஒலிவகைகளின் பட்டியலை நம்பற்க. எண்பத்தெட்டுக் கட்டையும் பாரமான சுத்தியற் பொறியும் உடையவை பியானோவுக்கு மிக அண்மையில் நிற்பன. ஆயின் விலையும் அதிகம், இருவர் கூடியே தூக்கல் வேண்டும். தொடக்க மாணவர்க்கு அறுபத்தொரு கட்டையுடன் தொடு உணர்வும் இருந்தாற் போதும். யாவரும் அறிந்த யமகா நிறுவனத்தின் தொடக்கமும் ஆர்மோனிய இனத்தைச் சார்ந்ததே என்பது சுவையான செய்தி. 1887இல் ஹமமற்சு நகரத்துப் பாடசாலை ஒன்றிற் பழுதடைந்திருந்த நாக்கு ஓர்கனைத் திருத்தியதிலிருந்தே தொரகுசு யமகா இத்துறையிற் புகுந்தார்.

பலகை பற்றரியிலும் இயங்குமா என்பதனையும் கேட்டறிக. 1990இல் மீண்டும் போர் மூண்டபின் மின்சாரமின்றிப் பல ஆண்டுகள் வாழ்ந்த குடாநாடு இது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னில் வானொலிச் செய்தி கேட்டவர் யாம். அக்காலத்தில் ஒலித்த இசைப்பெட்டி துருத்திப் பெட்டி ஒன்றே. 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின் தடைப்பட்ட நாள்களிலும், பற்றரி இல்லாத பலகைகள் உறையிட்ட தலையணைகளாகவே கிடந்தன. தன்னியக்கப் பக்கவாத்தியத்தைப் பற்றியும் ஒரு சொல்: ஒரு விரலால் ஒரு கட்டையைத் தொட்டதும் முரசும் கிற்றாரும் தாமே முழங்கும் வசதி அது. எம் மூதாட்டியர் காலத்து உரல் தானே இடித்துத் தந்திருந்தால் மாவரித்தல் எவ்வளவு எளிதாயிருக்கும்! யாம் அதனை விரும்புவதில்லை.

இனி ஹெட்போனுக்கு வருவோம். பிறர்க்குக் கேளாமல் வாசிக்கும் விருப்பம் இக்காலத்தார்க்கே உரியதன்று. ஐரோப்பாவில் கிளவிகோட் என்றொரு சிறு கருவி இருந்தது. கட்டையின் மறுமுனையிலுள்ள பித்தளைத் தகடு நரம்பைத் தொட்டு நிற்கும். விரலின் மிக நுண்ணிய வேறுபாட்டையும் அது உணரும். ஒலியோ அடுத்த அறைக்கும் எட்டாத அளவு மெலிது. இசைமேதை ஹாண்டல் 1685இல் ஜேர்மனியின் ஹாலே நகரிற் பிறந்தவர். அவருடைய தந்தையார் மகன் சட்டம் பயிலவேண்டுமென விரும்பி இசைக்கருவிகளை வீட்டிற்கு ஆகாதென விலக்கினாராம். சிறுவனோ வீட்டின் மேன்மாடத்திற்கு ஒரு கிளவிகோட்டைக் கரவாகக் கொண்டுசென்று, யாவரும் உறங்கியபின் பயின்றானாம். 1760இல் மெயின்வாறிங் என்பார் எழுதிய வரலாற்றில் இக்கதை வருகின்றது. பிள்ளை வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வரவேண்டுமென்று இரவும் பகலும் ‘ரியூசன்’ வகுப்புக்கு அனுப்பும் யாழ்ப்பாணத் தந்தையார்க்கும் அந்த ஹாலே நகரத் தந்தையார்க்கும் வேறுபாடு அதிகமில்லை என எமக்குத் தோன்றுகின்றது.

அக்கிளவிகோட் செய்த உதவியை இன்று ஹெட்போன் செய்கின்றது. அமெரிக்கக் கடற்படைக்காக நத்தானியல் போல்ட்வின் 1910இல் செய்தளித்த கேட்பொறி, செய்தி கேட்கப் பிறந்தது. 1958இல் ஜோன் கொஸ் வெளியிட்ட இருசெவிக் கருவி, இசை கேட்கப் பிறந்தது. பலகையிற் செருகியைச் செருகியதும் அதன் ஒலிபெருக்கி வாயடைக்கும். அண்ணன் பரீட்சைக்குப் படிக்கலாம், அயலார் உறங்கலாம், தம்பி நள்ளிரவிலும் பயிலலாம். வேலிக்கு வேலி காது வைத்திருக்கும் எம் ஊர்களில், தொடக்க மாணவன் ஒருவன் நூறுமுறை பிழைவிட்டு வாசிப்பதனை எவரும் அறியாதிருத்தல் பெரியதொரு விடுதலை. வெட்கத்தினால் சங்கீதத்தைக் கைவிட்ட பிள்ளைகளை யாம் அறிவோம். இந்நன்மையைக் குறைத்துக் கூறுதல் நேர்மையன்று.

ஆயினும் ஒரு நிகழ்ச்சியைக் கூறல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எம் வாணி விழாவில் மோகனக் கீதம் ஒன்றினைக் கீபோட்டில் வாசிக்க ஒரு மாணவனை ஆயத்தஞ் செய்தோம். பிற வகுப்புகளுக்கு இடையூறாகாதிருக்க ஹெட்போனைக் கொடுத்தவரும் யாமே. மூன்று மாதம் நாடோறும் அவன் பயின்றான். ஒரு நாளேனும் யாம் அதனைக் கேட்டோமல்லோம். விரலோட்டத்தைக் கண்ணாற் கண்டே திருப்தியடைந்தோம். விழா நாளன்று மண்டபத்தில் முதல் இரண்டு வரிகள் எவர்க்கும் கேட்கவில்லை. மின்விசிறியின் இரைச்சலில் அமிழ்ந்து போயின. ஒலிபெருக்கிக்காரர் ஒலியைக் கூட்டினார். அதே கணத்தில் மாணவனும் அஞ்சிக் கட்டைகளை ஓங்கித் தட்டத் தொடங்கினான். தகரத்தில் ஆணி அறைவது போன்றெழுந்த ஒலியிற் சபையார் சிரித்தனர். பிள்ளை பாதியில் எழுந்து போனான். அதன்பின் அவன் சங்கீத அறைக்கு வரவேயில்லை. குற்றம் அவனுடையதன்று, எம்முடையது. அதன் காரணத்தைப் பின்னரே ஆராய்ந்து அறிந்தோம்.

பலகையின் ஒலிக்குமிழைத் திருகினால் காதில் விழும் ஒலி கூடும். கட்டை தரும் எண்ணோ மாறாது. அப்பிள்ளை குமிழை மிக உயர்த்தி வைத்துப் பயின்றிருக்கிறான். காதருகே ஒலி பெரிதாக இருந்தமையால் கை தானே அடங்கிற்று. 127இல் நாற்பதை எட்டாத எண்களிலேயே கீதம் முழுவதையும் வாசித்துப் பழகிவிட்டான். ஹெட்போனுக்குள் அவனுக்கு அது முழு இசை. மண்டபத்தில் அது வெறும் மூச்சு. குமிழை மிகத் தாழ்த்தி வைத்துப் பயில்வோர்க்கு இதற்கு மாறான கேடு நேரும். கேட்கவில்லையே என்று கை ஓங்கும்; எல்லாச் சுரமும் நூற்றுக்கு மேற் செல்லும்; மென்மை என்பதொன்றைக் கை அறியவே அறியாது. கைக்கு ஆசிரியர் காதே. காதிற்கு எட்டும் அளவை ஒரு குமிழ் நாடோறும் மாற்றிவைக்குமாயின் கை எதனைக் கற்கும்?

ஆகவே இப்பொழுது எம் அறையில் ஓர் ஒழுங்கு செய்துள்ளோம். முதலில் ஹெட்போனின்றி, பலகையின் சொந்த ஒலிபெருக்கியில், பத்தடி தொலைவில் ஒருவர் நின்று மெல்லிய சுரமும் தெளிவாகக் கேட்கின்றது என்று கூறும்வரை குமிழைச் சரிசெய்து வாசிப்பர். பின்னர் ஹெட்போனை அணிந்து, அதே தட்டலுக்கு அதே அளவு நிறைவு காதிற்குத் தோன்றும் இடத்திற்குக் குமிழைக் கொண்டுவந்து, அவ்விடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி இடுவர். புள்ளியைக் கடத்தல் ஆகாது. பயிற்சியின் ஈற்றில், ஒரு முறையேனும் செருகியைக் கழற்றிவிட்டு, யாராவது ஒருவர் கேட்க வாசித்தல் வேண்டும். கேட்பவர் சங்கீதம் அறிந்தவராயிருத்தல் வேண்டுமென்பதில்லை.

கம்பியில்லா ஹெட்போன் இப்பொழுது மலிந்துள்ளது. பாட்டுக் கேட்க நன்று, வாசிக்க ஆகாது. ஒலியைப் பொதிசெய்து அனுப்பிப் பிரித்தெடுப்பதற்கு அவற்றுட் பலவற்றில் ஐந்திலொரு செக்கன் வரை செல்கின்றது. ஒலி காற்றிற் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வதாகலின், அத்தாமதம் அறுபத்தெட்டு மீற்றருக்கு அப்பாலிருந்து தன் வாசிப்பைத் தானே கேட்பதற்கு ஒப்பாகும். திருவிழாவில் வீதியின் ஒரு கோடியில் நின்று மறுகோடியில் வரும் மேளத்தைப் பார்த்தோர், கோல் விழுவது கண்ணுக்கு முந்தியும் ஓசை செவிக்குப் பிந்தியும் வருதலை அறிவர். தவிற்காரர்க்கே தம் ஓசை அங்ஙனம் பிந்தி வந்தால் தாளம் என்னாகும்? கம்பியுள்ள ஹெட்போனையே வாங்குக.

செவியின் நலனையும் மறத்தலாகாது. வளர்ந்தோர்க்குக் கிழமைக்கு நாற்பது மணிநேரம் 80 டெசிபெல், சிறுவர்க்கு அதே நேரம் 75 டெசிபெல் என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. ஒவ்வொரு மூன்று டெசிபெல் கூடுதலுக்கும் காலம் பாதியாகக் குறையும். 90 டெசிபெல்லில் வளர்ந்தோர்க்கே கிழமைக்கு நான்கு மணிநேரந்தான். உட்காதின் மயிர்க்கலங்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. எம் வெள்ளைப் புள்ளி இதற்கும் உதவுகின்றது.

இணுவில் வீட்டிற்குத் திரும்புவோம். பாட்டியாரின் வினாவைக் கேட்டபின் யாம் சிறுவனை அழைத்து, செருகியைக் கழற்றச் சொன்னோம். அவன் தயங்கினான். “பிழை வரும், சேர்” என்றான். வரட்டும் என்றோம். மாரிமழை தூறிக்கொண்டிருந்தது, விறாந்தை முழுதும் ஒலி பரவிற்று. முதல் வரி மிக மெலிதாக வந்தது. தன் கையின் ஒலி தனக்கே புதிதாயிருந்தமையால் அவன் ஒருகணம் நின்று, மீண்டும் தொடங்கினான். இம்முறை சட்சம் நிமிர்ந்து நின்றது. பாட்டியார் முருங்கையிலைச் சுளகை மடியினின்றும் இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார். அவர் இளமையில் எவரிடமும் சங்கீதம் பயின்றவரல்லர். ஆயின் எழுபது ஆண்டுகளாக அயற்கோவில் நாதஸ்வரத்தைக் கேட்டு வருபவர்.

“இப்ப கேக்குது, மோனை,” என்றார். “ரண்டாம் வரியிலை கொஞ்சம் ஓடுறாய். இன்னொருக்கா வாசி.”